தமக்கென ஓர் ஏடு

தெற்கே போகும் ரயில்: தென்சென்னைப் புறநகர் வரலாற்றுத் தொடர் – 12

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதையும், ஆறே ஆண்டுகளில் சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்ததையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்தக் கல்லூரியிலிருந்தும், அடையாறு, தரமணி, பல்லாவரம் என்று அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் பத்திரிகை உலகுக்குப் போனவர்களின் கதை இந்த அத்தியாயம்.

இன்று இந்தப் பகுதியில் இதழியல் படிக்க இடத்துக்குக் குறைவில்லை. கிறித்துவக் கல்லூரியிலேயே இதழியலும் காட்சித் தொடர்பியலும் பட்ட வகுப்புகளாக இருக்கின்றன. தரமணியில் இருக்கும் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்துக்கு நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். ஆனால் வகுப்பறைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மண்ணில் பத்திரிகைக்காரர்கள் உருவாகிவிட்டார்கள். அவர்களுடைய வாழ்க்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே தடம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. யாரோ நடத்திய இடத்தில் தொழில் கற்றார்கள். தாம் சொல்ல வேண்டியதற்கு அங்கே இடம் போதவில்லை என்று ஒருநாள் உணர்ந்தார்கள். தமக்கென ஓர் ஏட்டைத் தாமே தொடங்கினார்கள்.

கல்லூரி இதழ் கிளப்பிய புயல்

கிறித்துவக் கல்லூரி தாம்பரத்துக்கு வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1883இல், தனக்கென ஒரு மாத இதழைத் தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டே அந்த இதழ் உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

பிரம்மஞான சபை அப்போதுதான் அடையாற்றில் தலைமையகம் அமைத்திருந்தது. சபையின் நிறுவனர்களில் ஒருவரான மேடம் பிளாவட்ஸ்கிக்கு, கண்ணுக்குப் புலப்படாத மகாத்மாக்களிடமிருந்து கடிதங்கள் வருவதாகப் பலர் நம்பினார்கள். சபையின் வீட்டு நிர்வாகத்தைக் கவனித்துவந்த கூலோம் தம்பதியர் 1884இல் வெளியேற்றப்பட்டதும், பிளாவட்ஸ்கி தங்களுக்கு எழுதியவை என்று சொல்லி ஒரு கட்டுக் கடிதங்களைக் கல்லூரி இதழிடம் கொடுத்தார்கள். அற்புதங்கள் எல்லாம் ஏற்பாடு செய்யப்பட்டவை என்று அந்தக் கடிதங்கள் காட்டின. இதழ் 1884 செப்டம்பரில் அவற்றை வெளியிடத் தொடங்கியது. கடிதங்கள் போலியானவை என்றார் பிளாவட்ஸ்கி. லண்டனில் இருந்த ஓர் ஆய்வுச் சங்கத்தின் சார்பில் ஹாட்ஜ்சன் என்பவர் வந்து விசாரித்தார். 1885இல் வெளியான அவருடைய அறிக்கை பிளாவட்ஸ்கிக்கு எதிராக இருந்தது. அந்த ஆண்டே இந்தியாவை விட்டுப் போன பிளாவட்ஸ்கி பிறகு திரும்பவே இல்லை. நூறாண்டு கழித்து, 1986இல், ஹாட்ஜ்சனை அனுப்பிய அதே ஆய்வுச் சங்கத்தின் இதழில் அந்த அறிக்கையின் முறையைக் கேள்வி கேட்டு ஒரு கட்டுரை வந்தது. விவாதம் இன்றும் முடிந்தபாடில்லை.

இதில் மதப் போட்டியும் கலந்திருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. மிஷனரிக் கல்லூரிக்குப் பிரம்மஞான சபை எதிரணி. பிளாவட்ஸ்கி சென்னை திரும்பியபோது அவரை வரவேற்ற மாணவர் கூட்டத்தில் கிறித்துவக் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். ஆசிரியர்கள் அச்சிட்டதை மாணவர்கள் அப்படியே ஏற்கவில்லை. ஒரு கல்லூரியின் பத்திரிகை மரபு தொடங்குவதற்கு இதைவிட நல்ல தொடக்கம் உண்டா? ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதும் துணிவும், அச்சில் வந்ததையும் சந்தேகிக்கும் பழக்கமும் ஒரே ஆண்டில் ஒரே வளாகத்தில் பிறந்திருக்கின்றன.

அடையாற்றில் முதல் வகுப்பு

அந்தப் புயலைத் தாங்கிய அடையாற்றிலேயே இந்தியாவின் முதல் இதழியல் வகுப்பு நடந்தது. நடத்தியவர் அன்னி பெசன்ட். 1914இல் 'மெட்ராஸ் ஸ்டாண்டர்ட்' என்ற நாளிதழை வாங்கி 'நியூ இந்தியா' என்று பெயர் மாற்றியவர் அவர். தன்னாட்சி கேட்டு எழுதிய அந்த நாளிதழிடம் 1916இல் அரசு 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டது. அதைப் பறிமுதல் செய்தபின் 10,000 ரூபாய் கேட்டது. 1917இல் அவரையே காவலில் வைத்தது.

1920இல் அடையாற்றுத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் ஒரு பாடமாக வந்தபோது, மாணவர்களுக்கான செயல்முறைப் பயிற்சி நியூ இந்தியா அலுவலகத்தில் நடந்தது. ஜாமீன் தொகையைப் பறிகொடுத்த ஆசிரியரிடமே மாணவர்கள் செய்தி எழுதக் கற்றார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளே நீடித்த முயற்சி அது. பிறகு 1941இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகமும், நாடு விடுதலை பெற்ற 1947இல் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகமும் இதழியல் துறையைத் தொடங்கின.

இதே காலத்தில் தெற்கே பல்லாவரத்தில் ஒருவர் தனியாகவே ஒரு பதிப்பு நிறுவனமாக இயங்கிக்கொண்டிருந்தார். கிறித்துவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராக இருந்த மறைமலையடிகள், வேலையை விட்டதும் வந்து குடியேறிய ஊர் பல்லாவரம். 1902இல் அவர் தொடங்கிய 'ஞானசாகரம்' இதழ் பின்னர் 'அறிவுக்கடல்' ஆனது. தாமே எழுதி, தாமே அச்சிட்டு, சந்தாதாரர்களைத் தாமே தேடிப் பிடித்தார். தனித்தமிழ் என்ற கருத்து இந்தச் சிறு இதழின் வழியாகத்தான் ஊர் ஊராகப் போனது. ஆசிரியர் வேலை தந்த சம்பளத்தைவிட இதழ் தந்த சுதந்திரம் அவருக்குப் பெரிதாக இருந்தது.

தாம்பரத்திலிருந்து ஹாங்காங் வரை

தாம்பரம் வளாகத்தில் படித்துப் பத்திரிகைத் துறையில் உலகப் பெயர் எடுத்தவர்களில் முதலில் சொல்லப்பட வேண்டியவர் டி.ஜே.எஸ். ஜார்ஜ். கேரளத்தின் தும்பமண்ணில் 1928இல் பிறந்தவர். 1940களில் கிறித்துவக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார். பட்டம் பெற்றதும் பம்பாய்க்குப் போய், 1950இல் 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' நாளிதழில் சேர்ந்தார். அதை நடத்திய எஸ். சதானந்த் தமிழர். 1934இல் 'தினமணி'யைத் தொடங்கியவரும் அவரே. ஜார்ஜ் எந்த இதழியல் பள்ளியிலும் படித்ததில்லை. சதானந்தின் செய்தி அறையே அவருக்குப் பள்ளி.

பிறகு பாட்னாவில் 'சர்ச்லைட்' நாளிதழின் ஆசிரியரானார். 1965இல் பிகாரில் மாணவர் கிளர்ச்சி மூண்டபோது முதல்வர் கே.பி. சகாயின் அரசை அவர் நாளிதழ் கடுமையாக எதிர்த்தது. அரசு அவரைக் கைது செய்து ஹசாரிபாக் சிறைக்கு அனுப்பியது. சுதந்திர இந்தியாவில் தேசத்துரோகக் குற்றச்சாட்டுக்கு ஆளான முதல் ஆசிரியர் என்று பத்திரிகை உலகம் அவரைக் குறிப்பிடுகிறது. அவருக்காக வாதாடப் பாட்னாவுக்கு வந்தவர் வி.கே. கிருஷ்ண மேனன். அதற்கு முந்தைய ஆண்டுதான் மேனனின் வாழ்க்கை வரலாற்றை ஜார்ஜ் எழுதியிருந்தார்.

சிறையிலிருந்து வெளிவந்தவர் கிழக்கே போனார். ஹாங்காங்கில் 'ஃபார் ஈஸ்டர்ன் எகனாமிக் ரெவ்யூ' அப்போது ஆசியச் செய்திகளுக்குப் பெயர் போன வார இதழ். அங்கே வேலை பார்த்தபோது, ஆசியாவைப் பற்றி எழுதும் ஏடுகூட மேற்கத்தியப் பார்வையில்தான் எழுதுகிறது என்ற எண்ணம் அவருக்குள் வலுத்தது. 1975இல் மைக்கேல் ஓ'நீல் என்பவருடன் சேர்ந்து 'ஏசியாவீக்' இதழைத் தொடங்கினார். ஆசியாவை ஆசியர் கண்ணால் பார்ப்பது அதன் கொள்கை. மணிலா, ஜகார்த்தா, கொழும்பு, டாக்கா என்று எந்த ஊர் நிகழ்வையும் அந்த ஊர்க்காரருக்குப் புரியும்படி எழுதிய வார இதழ் அது. 1985இல் டைம் நிறுவனம் அதை வாங்கியது. 2001 டிசம்பரில் மூடியது. தொடங்கியவர் கையை விட்டுப் போன ஏடு எத்தனை காலம் தன் கொள்கையோடு வாழும் என்ற கேள்வியை அந்த முடிவு எழுப்புகிறது.

இந்தியா திரும்பிய ஜார்ஜ் பெங்களூரில் குடியேறினார். எம்.எஸ். சுப்புலட்சுமி, நர்கிஸ், பத்திரிகையாளர் போத்தன் ஜோசப் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதினார். 'நியூ இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழில் 25 ஆண்டுகள் வாரந்தோறும் பத்தி எழுதி, 2022இல் தாமே நிறுத்திக்கொண்டார். 2011இல் பத்மபூஷண் கிடைத்தது. கவிஞரும் நாவலாசிரியருமான ஜீத் தையில் அவருடைய மகன். 2025 அக்டோபர் 3 அன்று 97 வயதில் ஜார்ஜ் காலமானார்.

நம் கதைக்கு அவருடைய இன்னொரு பணிதான் முக்கியம். 1994இல் எக்ஸ்பிரஸ் குழுமம் பெங்களூரில் ஓர் இதழியல் கல்லூரியைத் தொடங்கியபோது அதை உருவாக்கியதில் ஜார்ஜுக்குப் பெரும் பங்கு இருந்தது. ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் என்ற பெயரிலேயே ஏசியாவீக் நாட்களின் எண்ணம் தெரிகிறது. இதழியல் பள்ளிக்குப் போகாமலே பெரிய ஆசிரியரான ஒருவர், அடுத்த தலைமுறைக்கு அப்படி ஒரு பள்ளி வேண்டும் என்று முடிவெடுத்தார். சதானந்தைப் போன்ற ஓர் ஆசிரியரின் கீழ் வேலை கற்கும் வாய்ப்பு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

செங்கல்பட்டிலிருந்து வந்த மாணவர்

ஜார்ஜ் தெற்கிலிருந்து உலகத்துக்குப் போனார். அதே கல்லூரியில் ஒரு தலைமுறைக்குப் பின் படித்த இன்னொருவர் கடைசிவரை தமிழ் வாசகரோடே இருந்தார். 1954இல் செங்கல்பட்டில் பிறந்த சங்கரனைத் தமிழ்நாடு ஞாநி என்ற பெயரில் அறியும். தந்தை வேம்புசாமியும் பத்திரிகையாளர். கிறித்துவக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த ஞாநி, இந்தியன் எக்ஸ்பிரஸ் நிருபராகத் தொழிலைத் தொடங்கினார்.

அவருக்குச் செய்தி ஒன்றே போதவில்லை. 1978இல் 'பரீக்ஷா' நாடகக் குழுவைத் தொடங்கினார். இந்திரா பார்த்தசாரதியின் 'போர்வை போர்த்திய உடல்கள்', தாமே எழுதிய 'பலூன்' போன்ற நாடகங்களைச் சபா மேடைகளுக்கு வெளியே கொண்டுபோனார். அச்சு ஊடகத்தில் சொல்ல முடியாததை நடிகர்களின் உடலில் சொல்வது அவருக்கு இன்னொரு வகைப் பத்திரிகைத் தொழில்.

தமக்கென ஓர் ஏடு வேண்டும் என்ற எண்ணத்தில் 'தீம்தரிகிட' இதழைத் தொடங்கினார். 1980களில் வந்து நின்றுபோன அந்த இதழை 2000களில் மீண்டும் நடத்தினார். விளம்பரப் பின்புலம் இல்லாத சிறு இதழுக்குத் தமிழில் நேர்வதெல்லாம் அதற்கும் நேர்ந்தது. ஆனால் பெரிய இதழ்களில் எழுதும்போதும் அவர் தீம்தரிகிட ஆசிரியராகவே எழுதினார். ஆனந்த விகடனில் தொடங்கிய 'ஓ பக்கங்கள்' பத்தி பிறகு குமுதத்துக்கும் கல்கிக்கும் இடம் மாறியது. இதழ் மாறியபோதும் பத்தியின் தலைப்பையும் தொனியையும் வாசகர் தொடர்ந்து வந்தார்கள். 2007இல் முதல்வர் கருணாநிதிக்கு ஓய்வு கொடுங்கள் என்று அவர் எழுதியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. அவர் பின்வாங்கவில்லை.

கே.கே. நகர் வீட்டின் கிணற்றடியில் எழுத்தாளர் பாஸ்கர் சக்தியுடன் சேர்ந்து அவர் நடத்திய 'கேணி' மாதக் கூட்டத்துக்கு யாரும் வரலாம், எழுத்தாளரை எதையும் கேட்கலாம். ஒரு பத்தி எழுத்தாளர் தம் வாசகரை நேரில் உட்காரவைத்துப் பேச இடம் தந்தது தமிழ்ப் பத்திரிகை உலகில் அரிது. 2014இல் ஆம் ஆத்மி கட்சியின் வேட்பாளராக ஆலந்தூர் இடைத்தேர்தலில் நின்றார், தோற்றார். சில வாரங்களில் கட்சியை விட்டு விலகி மீண்டும் எழுத்துக்கே வந்தார். 2018 ஜனவரி 15 அன்று காலமானபோது அவர் விருப்பப்படி உடல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டது.

ஜார்ஜையும் ஞாநியையும் ஒரே கல்லூரியின் மாணவர்கள் என்று பட்டியலிடுவது எளிது. இருவரும் அரசை எதிர்த்து எழுதிய பிறகு வந்த விளைவைச் சுமந்தார்கள், இருவரும் சொந்த ஏடு நடத்தினார்கள் என்பதுதான் அவர்களை இணைக்கும் உண்மையான சரடு.

தரமணியில் ஒரு பள்ளி

பெங்களூரில் தொடங்கிய கல்லூரி 2000இல் சென்னைக்கு வந்தது. மீடியா டெவலப்மென்ட் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கமற்ற அறக்கட்டளை அதன் பொறுப்பை ஏற்றது. தலைவர் சசிகுமார், மலையாளத்தின் முதல் தனியார் செயற்கைக்கோள் தொலைக்காட்சியான ஏசியாநெட்டை 1993இல் நிறுவியவர். அறங்காவலர்களில் 'தி இந்து'வின் என். ராமும் ஒருவர். தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பின்னால் கல்லூரிக்கு நிரந்தரக் கட்டடம் எழுந்தது.

இது பல்கலைக்கழகப் பட்டம் தரும் இடம் அல்ல. ஓராண்டுக்குள் முடியும் முதுநிலைப் பட்டயம். ஆனால் அந்த மாதங்களில் மாணவர்கள் வகுப்பறையில் இருப்பதைவிடச் செய்தி தேடி அலைவது அதிகம். 'தி வேர்ட்' என்ற பயிற்சி இதழுக்குச் செய்தி கொண்டுவர வேண்டும். இல்லாமையைப் பற்றிச் செய்தி எழுதுவது அங்கே ஒரு கட்டாயப் பாடம். நிலமின்மை, சாதி, பசி, இடப்பெயர்வு ஆகியவற்றைப் புள்ளிவிவரத்தோடும் களத்தோடும் சேர்த்து எழுதக் கற்கிறார்கள்; அதற்காகக் கிராமங்களுக்குப் போகிறார்கள். தலித், பழங்குடி மாணவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு.

அந்தப் பயிற்சியின் பலனை அங்கே படித்த அமன் சேத்தியின் எழுத்தில் பார்க்கலாம். 'தி இந்து'வின் சத்தீஸ்கர் நிருபராக மாவோயிஸ்ட்–அரசு மோதலை எழுதியவர். பிறகு அடிஸ் அபாபாவிலிருந்தும் எழுதினார். டெல்லி சதர் பஜாரின் பாரா டூட்டி சௌக்கில் கூலி வேலைக்காகக் காத்திருக்கும் முகமது அஷ்ரஃப் என்ற தொழிலாளியோடு நெடுநாள் பழகி, 2011இல் 'எ ஃப்ரீ மேன்' என்ற நூலை எழுதினார். நாளிதழின் அரைப் பக்கத்தில் அடங்காத ஒரு வாழ்க்கைக்கு அவர் நூலில் இடம் கண்டுபிடித்தார்.

இன்னொரு மாணவி தன்யா ராஜேந்திரன். பாலக்காட்டைச் சேர்ந்த அவர் 'டைம்ஸ் நவ்' தொலைக்காட்சியில் தென்னிந்தியச் செய்திகளைக் கவனித்தவர். தேசியத் தொலைக்காட்சிகளில் தெற்குக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று உள்ளிருந்தே பார்த்தவர். 2014இல் சித்ரா சுப்ரமணியம், விக்னேஷ் வெல்லூர் ஆகியோருடன் சேர்ந்து 'தி நியூஸ் மினிட்' இணைய ஏட்டைத் தொடங்கினார். தென் மாநிலங்களைத் தன் மையமாகக் கொண்டு அது வளர்ந்தது. 2017இல் ஒரு திரைப்படத்தைப் பற்றி அவர் ட்விட்டரில் எழுதிய ஒரு வரிக்காக ஆயிரக்கணக்கான வசைப் பதிவுகள் வந்தபோது, காவல்துறையில் புகார் கொடுத்துப் பொதுவெளியில் நின்றார். பெண் பத்திரிகையாளர்கள் இணையத்தில் எதிர்கொள்ளும் வன்முறை தமிழ்நாட்டில் பெரிய விவாதமானது அப்போதுதான். 2020இல் இணையச் செய்தி நிறுவனங்கள் 'டிஜிபப்' என்ற கூட்டமைப்பை உருவாக்கியபோது அதன் தலைவரானார்.

ஹாங்காங்கில் ஜார்ஜ் கேட்ட கேள்வியும் பெங்களூரில் தன்யா கேட்ட கேள்வியும் ஒன்றே: எங்களைப் பற்றிய செய்தியை ஏன் தொலைவில் இருப்பவர் பார்வையில் படிக்க வேண்டும்?

தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர்

அந்தக் கேள்விக்கு ஓர் இரவில் பதில் கிடைத்தது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாறு கரைபுரண்டது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 1878 முதல் வெளிவரும் 'தி இந்து' டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. மறைமலை நகரில் இருக்கும் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. ஞானசாகரத்தை அச்சிட்டவரின் பெயரைத் தாங்கிய ஊரில், சென்னையின் மிகப் பழைய நாளிதழின் எந்திரங்கள் நின்றன.

அந்த நாட்களில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், எங்கே படகு, எங்கே உணவு என்பதை மக்கள் கைப்பேசியில் தெரிந்துகொண்டார்கள். நியூஸ் மினிட் போன்ற இணைய ஏடுகளும், தன்னார்வலர்களும், தொலைக்காட்சி நிருபர்களும் சேர்ந்து அந்த வேலையைச் செய்தார்கள். கூடவே பொய்த் தகவல்களும் பரவின. எதை நம்புவது என்று தெரியாமல் மொட்டை மாடியில் நின்ற குடும்பங்களுக்குப் பயிற்சி பெற்ற நிருபரின் அருமை அன்று புரிந்தது. ஒரு செய்தியை அனுப்பும் முன் அதை உறுதிசெய்வது எவ்வளவு பெரிய தொழில் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகக் கற்றுத் தந்திருக்காது.

இனி வர வேண்டிய ஏடு

ஒரு குறையைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது. தரமணியின் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஜார்ஜும் சேத்தியும் தன்யாவும் எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் எழுதும் நிருபருக்கு அதற்கு நிகரான பயிற்சிக்கூடம் இன்னும் அமையவில்லை. விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பல ஆண்டுகளாக அந்தப் பணியில் ஒரு பகுதியைச் செய்துவருகிறது. அதிலிருந்து வந்தவர்கள் தமிழ் இதழ்களிலும் திரைத்துறையிலும் நிறைந்திருக்கிறார்கள். ஓர் இதழ் தன் செலவில் செய்ததைப் பல்கலைக்கழகங்களும் அறக்கட்டளைகளும் தமிழில் பெரிய அளவில் செய்ய வேண்டும். மாவட்ட நீதிமன்றத்தை, ஊராட்சிக் கணக்கை, ஏரியின் வருவாய்ப் பதிவேட்டைத் தமிழில் படித்து எழுதத் தெரிந்தவர்கள் நமக்கு நூற்றுக்கணக்கில் தேவை.

ஏன் என்பதற்குத் தாம்பரமே சான்று. 2021இல் பல்லாவரம், தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. மொத்தம் 70 வார்டுகள். குப்பைக் கிடங்கும் குடிநீர்க் குழாயும் ஏரி ஆக்கிரமிப்பும் பாதாளச் சாக்கடையும் அந்த மன்றத்தில்தான் முடிவாகின்றன. அடையாற்றுக்கும் மாம்பலத்துக்கும் மயிலாப்பூருக்கும் அந்தந்தப் பகுதிக்கென்றே ஆங்கில வார இதழ்கள் உண்டு. ஒரு முழு மாநகராட்சிக்கு, அதன் மன்றக் கூட்டத்தில் முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து, தீர்மானங்களைப் படித்து, வார்டு வார்டாக எழுதும் தமிழ் ஏடு வேண்டும்.

பெசன்ட் அம்மையார், மறைமலையடிகள், ஜார்ஜ், ஞாநி, தன்யா ஆகிய ஒவ்வொருவரும் தம் காலத்தில் எது எழுதப்படாமல் இருந்ததோ அதற்காக ஓர் ஏட்டைத் தொடங்கினார்கள். நம் காலத்தில் எழுதப்படாமல் இருப்பது நாம் குடியிருக்கும் தெருவின் நிர்வாகம். சேலையூரிலும் தரமணியிலும் இப்போது இதழியல் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அந்த இடம் காலியாக இருக்கிறது. அச்சகமோ பெரும் முதலோ இன்று தேவையில்லை. ஒரு மன்றக் கூட்டத்துக்குப் போய் உட்காருவதில் தொடங்கலாம்.

*அடுத்த அத்தியாயத்தில்: 1863இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த ஒரு கற்கோடரி, இந்தியாவின் வயதையே பின்னுக்குத் தள்ளிய கதை.*